மூன்றாவது வாரத்தில் காணாமல் போகும் உற்சாகம்

வாசகர் கேள்வி, 12 நவம்பர் 2023

ஜோகன்னஸ்பர்க்கில் ஐடி வேலை. எதைத் தொடங்கினாலும் முதல் இரண்டு வாரம் பறக்கிறேன், மூன்றாவது வாரம் உட்கார்ந்துவிடுகிறேன். ஜிம், கிட்டார், ஜூலு மொழி வகுப்பு, எல்லாம் இப்படித்தான் போயின. டர்பனிலிருந்து ஓட்டம் பற்றி எழுதும் அக்கா போன்றவர்களுக்கு ஊக்கம் பிறவியிலேயே இருக்கிறது, இல்லாதவர்களுக்கு என்ன செய்தாலும் வராது என்பது என் முடிவு. தவறு என்றால் சொல்லுங்கள்.

12 நவம்பர் 2023, இரவு

தவறு, தம்பி. இந்த வருடம் ஜூன் 11 காம்ரேட்ஸ் ஓட்டத்தில் (தென்னாப்பிரிக்காவில் வருடா வருடம் நடக்கும், மாரத்தானைப் போல இரு மடங்கு நீளமான ஓட்டம்) என்னைப் பாதி தூரத்தில், டிரம்மண்டில், நேரம் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஓடி வர வேண்டியவள் மீதி தூரத்துக்கு பஸ் ஏறினேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தவர்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தது இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. அன்று கழற்றிய ஷூவை அக்டோபர் முதல் வாரம் வரை தொடவில்லை.

மறுபடி தொட வைத்தவர் பக்கத்து பிளாட்டில் இருக்கும் ஜூலு அக்கா. சிஸி என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருட்டில் பெண்கள் தனியாகப் போகக்கூடிய தெரு இல்லை எங்களுடையது. அதனால் என்னையும் கூப்பிட்டார்.

காலை நான்கு மணிக்கு கேட்டில் வந்து நிற்பார். கதவைத் தட்ட மாட்டார், போன் பண்ண மாட்டார். போன் டார்ச்சை என் ஜன்னலுக்கு நேராக இரண்டு தடவை அடிப்பார். மேலே சீலிங்கில் அந்த வெளிச்சம் இரண்டு தரம் வந்து போகும். கீழே ஒரு மனுஷி நிற்கிறாள் என்று தெரிந்த பிறகு என்னால் படுத்திருக்க முடிவதில்லை. என் ஊக்கம் எனக்குள் இல்லை, கேட்டில் நிற்கிறது.

13 நவம்பர் 2023

"சிஸி மாதிரி ஆள் கிடைக்காதவர்கள் என்ன செய்வது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இதில் எனக்கு உதவியது. "நாளை ஓடுவேன்" என்று நினைப்பதைவிட, "இன்ன நேரம், இன்ன இடம், இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் அதிகம் செய்து முடித்தார்கள் என்பது அதன் சாரம். என் முடிச்சு கெட்டில். கெட்டில் ஸ்விட்சைப் போட்டதும் ஷூ. ஷூ கெட்டிலுக்குப் பக்கத்திலேயே, சாக்ஸ் அதற்குள்ளேயே இருக்கும். லோட்ஷெடிங், அதாவது மின்வெட்டு, இருக்கும் நாளில் கெட்டில் வேலை செய்யாது, அதனால் முந்தைய இரவே பிளாஸ்க்கில் டீ. அப்போது முடிச்சு பிளாஸ்க் மூடி.

சின்ன விஷயம்தான். ஆனால் காலை நான்கு மணிக்கு நான் எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கை குறைகிறது. அந்த நேரத்தில் முடிவெடுக்கச் சொன்னால் என் மனம் எப்போதும் தலையணை பக்கம்தான்.

16 நவம்பர் 2023

1860இல் இதே தேதியில்தான், கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதை வைத்து ஒருவர், "அந்த முன்னோர்களை யார் ஊக்கப்படுத்தினார்கள்? இந்தத் தலைமுறைக்கு மன உறுதி இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அவர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் தண்டனை. விட்டுவிடும் வசதியே இல்லாதவர்கள் தாங்கிய பாட்டை, ஜிம்மை விட்ட ஒரு பையனைத் திட்டப் பயன்படுத்துவது அவர்களுக்கும் மரியாதை இல்லை, அவனுக்கும் உபயோகம் இல்லை. நான் தூத்துக்குடியிலிருந்து விமானம் மாறி மாறி வந்தவள். அவர்கள் பட்டதை என் காலைத் தூக்கத்தோடு சேர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

3 டிசம்பர் 2023

நேற்று ஒருவருக்கு 66 நாள் கணக்கு ஒன்றைச் சொன்னேன். அவர் "அப்போ 66 நாள் பல்லைக் கடித்தால் போதும்" என்று பிடித்துக்கொண்டார். அவசரத்தில் பாதியைச் சொன்னது என் தப்பு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது, 2010இல் இதழில் வந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எடுத்த காலம் நடுத்தரமாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்துவிடுகிறது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆகிறது.

அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. நான் முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் "போச்சு, சங்கிலி அறுந்தது" என்று அந்த வாரத்தையே தூக்கிப் போடுவேன். அறுந்தது எதுவும் இல்லை என்று தெரிய எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது.

தம்பி, உங்கள் மூன்றாவது வாரம் என்பது 21ஆம் நாள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வரவில்லை என்றதும் குறை உங்களிடம் என்று நினைத்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

4 டிசம்பர் 2023

மழை. சிஸிக்கும் இரவு வேலை. போகவில்லை. ஒன்றும் அறுந்துவிடவில்லை.

14 ஜனவரி 2024

பரிசு வைத்துக்கொள்ளலாமா, பத்து நாள் ஓடினால் ஒரு புதுச் சட்டை என்கிற மாதிரி, என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இதில் எனக்குச் சொந்தமாகவே ஒரு காயம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஹாலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வீட்டில் இங்கிலீஷ்தான். போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே சாம்பார்பொடி பாக்கெட், ஊதுபத்தி டப்பா என்று தமிழ் எழுத்து இருக்கும் எதையும் கொண்டுவந்து எழுத்துக் கூட்டிக் காட்டுவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் அப்படிச் செய்யட்டும் என்று, படித்துக் காட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தங்க ஸ்டார் ஸ்டிக்கர் என்று அறிவித்தேன். ஒரு மாதம் ஹால் கலகலத்தது. ஸ்டிக்கர் தீர்ந்த ஞாயிறு, அவள் கையில் ஒரு பிஸ்கட் கவர். என்னிடம் நீட்டும் முன்பே கேட்டாள்: "ஆன்ட்டி, இதுக்கு ஸ்டார் உண்டா?" இன்று தீர்ந்துவிட்டது கண்ணு என்றேன். கவரை மடித்துப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கொண்டுவரவில்லை.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த நர்சரிக் குழந்தைகள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள், பின்னால் சும்மா விட்டபோது குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. என் ஸ்டிக்கர்தான் அது, அப்படியே.

ஆக, பிடிக்காத வேலைக்கு வேண்டுமானால் பரிசு வையுங்கள். வருமான வரிக் கணக்கை முடித்தால் ஒரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய டர்பன் சாப்பாடு), தாராளமாக. ஏற்கெனவே ஆசை இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

28 ஜனவரி 2024

தைப்பூசக் காவடி முடிந்து கால் இன்னும் வலிக்கிறது. வெறுங்காலோடு தார் ரோடு, டர்பன் ஜனவரி வெயில்.

கொடி ஏறிய நாளிலிருந்து பத்து நாள் விரதம் இருந்தவர்களைச் சுற்றிலும் பார்த்தேன். லாரி ஓட்டுபவர், வங்கியில் வேலை பார்ப்பவர், பள்ளிக்கூடப் பையன்கள். பத்து நாளும் இறைச்சி இல்லை, குடி இல்லை. அவர்களில் ஒருவரும் "எனக்கு ஊக்கம் வரவில்லை" என்று சொல்லிக் கேட்டதில்லை. இன்று மூடு இருக்கிறதா என்று மனத்தைக் கேட்பதே இல்லை. நேர்ந்துகொண்டாயிற்று, தேதி குறித்தாயிற்று, கொடி ஏறியாயிற்று. கூட நூறு பேர் அதே பட்டினியில்.

இதை எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம். காவடி பத்து நாள்தான், பதினோராம் நாள் எல்லாரும் பழையபடி. வருடம் முழுக்க நேர்த்திக்கடனாக வாழ முடியுமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

2 மார்ச் 2024

தகுதி கிடைத்துவிட்டது! காம்ரேட்ஸுக்கு 4 மணி 50 நிமிடத்துக்குள் ஒரு மாரத்தான் முடித்திருக்க வேண்டும். 4:41.

19 மார்ச் 2024

சிஸி போய்விட்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சனிக்கிழமை சாமான் ஏற்றி அனுப்பினேன்.

30 மார்ச் 2024

பதினொரு நாளாக ஓடவில்லை. முடிச்சு, கெட்டில், பிளாஸ்க் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மூன்று நாள் ஷூ வரை போனேன், போட்டுக்கொண்டு சமையலறையிலேயே நின்றேன், கழற்றினேன். சீலிங்கில் வெளிச்சம் வருவதில்லை.

நவம்பரில் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். ஊக்கம் கேட்டில் நிற்கிறது என்றேன், பெருமையாகவே. அது கடன் வாங்கிய ஊக்கம். கொடுத்தவர் ஊர் மாறினால் திரும்பிப் போய்விடும் என்று யோசிக்கவில்லை.

31 மார்ச் 2024

நேற்றைய குறிப்பைப் பார்த்துப் பலர் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். நன்றாகவே இருக்கிறேன். ஆனால் இதைச் சொல்லிவிட வேண்டும். அப்பா இறந்த வருடம் எனக்கு ஓட்டம் மட்டுமல்ல, சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் பேச்சு எதிலுமே மனம் ஒட்டவில்லை. இரண்டு மாதம் அதைச் சோம்பல் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர்தான் அது மனச்சோர்வு நோய் என்று சொல்லி மருந்தும் பேச்சு சிகிச்சையும் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க எதுவுமே ருசிக்கவில்லை என்றால் அங்கே கெட்டில் முடிச்சு வேலை செய்யாது. டாக்டரிடம் போங்கள். வெட்கமே வேண்டாம்.

இப்போது எனக்கு இருப்பது அது இல்லை. சிஸி இல்லாத வருத்தம்.

7 ஏப்ரல் 2024

ராபர்ட் ம்ட்ஷாலி பற்றி வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1935இல் காம்ரேட்ஸ் ஓடிய முதல் கறுப்பின வீரர். அப்போது வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே அதிகாரபூர்வ அனுமதி. அவர் ஒன்பதரை மணி நேரத்தில் முடித்தார். பதக்கம் கிடையாது, பதிவேட்டில் பெயர் கிடையாது. எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது 1975இல்தான். 2019இலிருந்து ஒன்பது முதல் பத்து மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குக் கொடுக்கும் பதக்கத்துக்கு அவர் பெயர்.

ஸ்டார் இல்லை என்று தெரிந்தே ஓடியவர். ஒரு பையன் கேட்டான், "அப்போ எதுக்கு ஆன்ட்டி ஓடினார்?" பதில் சொல்லத் தெரியவில்லை. இரவு முழுக்க அந்தக் கேள்வி கூடவே இருந்தது. நான் எதற்கு ஓடுகிறேன்? டிரம்மண்டில் நிறுத்தியதற்குப் பதில் சொல்லவா? கொஞ்சம் அதுவும்தான். ஆனால் நான்கு மணி இருட்டில் முதல் பறவை சத்தம் போட்டு, கடல் பக்கமிருந்து காற்று மாறும் ஒரு நிமிடம் இருக்கிறது. உடம்பு அப்போதுதான் சூடாகியிருக்கும். அந்த நிமிடத்துக்காக நான் இன்னும் இருபது வருடம் எழுந்திருப்பேன். அது சிஸியிடம் வாங்கிய கடன் இல்லை. அவர் என்னைப் படுக்கையிலிருந்து அந்த நிமிடம் வரை கொண்டுபோய் விட்டார், அவ்வளவுதான்.

இன்று காலை ஓடினேன். ஆறு கிலோமீட்டர்.

15 ஏப்ரல் 2024

கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். இருபத்து நான்கு வயது. "அக்கா, மூணு நாளா அலாரம் வச்சு அணைச்சுட்டுப் படுத்துட்டேன்" என்றாள். இன்று காலை அவள் வீட்டு கேட்டில் போய் நின்றேன். போன் டார்ச், இரண்டு தடவை. அவள் இறங்கி வர நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடம் நிற்கும்போது புரிந்தது: சிஸி எனக்காக மட்டும் நிற்கவில்லை. நான் மேலே படுத்திருக்கிறேன் என்பதால்தான் அவராலும் எழுந்து வர முடிந்திருக்கிறது.

12 மே 2024

ஓட்டத்தை விட்டு வேறு கதை. எங்கள் வகுப்பில் எழுபத்தொரு வயது ஆயா ஒருவர் இருக்கிறார். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேத்தி, தமிழ் பேச்சு கொஞ்சம் தெரியும், எழுத்து ஒன்றும் தெரியாது. கோயில் சுவரில் திருப்பணிக்குக் காசு கொடுத்தவர்களின் பெயர்களைப் பழைய சலவைக்கல்லில் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய தாத்தா பெயர் அதில் இருக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறார். எந்த வரி என்று தெரியாது. அதை நானே கண்டுபிடிக்க வேண்டும், நீ காட்டக்கூடாது என்று முதல் நாளே எனக்குச் சத்தியம்.

எட்டு மாதம். போன ஞாயிறு கல்லில் விரலை வைத்து வரி வரியாகக் கீழே இறங்கினார். பதினேழாவது வரியில் விரல் நின்றது. மு, னி, சா, மி. நான்கு எழுத்துக்கும் உதடு தனித்தனியாக அசைந்தது. பிறகு நெற்றியைக் கல்லில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் வெளியே போய்விட்டேன்.

இன்று அவர் வகுப்புக்கு வரவில்லை.

26 மே 2024

ஆயா மூன்றாவது வாரமாக வரவில்லை. போன் செய்தேன். "நான் படிக்க வேண்டியதைப் படிச்சிட்டேன் மா, இனி எதுக்கு?" என்றார். சண்டை போட மனம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் எனக்குப் பயம் வந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் என் சுவர் எனக்கு வரப்போகிறது. அதற்கு அடுத்த நாள்?

11 ஜூன் 2024

9ஆம் தேதி ஓடினேன். இந்த வருடம் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே ஏறும் அப் ரன், சுமார் 86 கிலோமீட்டர். காலை ஐந்தரை மணி, சிட்டி ஹால் வாசல், சேவல் கூவும் ஒலி, துப்பாக்கி.

எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில் வரை கணக்காகப் போனேன். டிரம்மண்டில் போன வருடம் என்னை நிறுத்திய இடத்தைத் தாண்டும்போது தலையை நிமிர்த்தவில்லை, ரோட்டின் வெள்ளைக் கோட்டையே பார்த்து ஓடினேன். இஞ்சாங்காவில் எத்தெம்பேனி பள்ளிப் பிள்ளைகள் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும் ரோட்டோரம் கை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒவ்வொரு கையையும் தொட்டேன். நேரம் போனால் போகட்டும் என்றிருந்தது.

எழுபது கிலோமீட்டருக்கு மேல் மனத்தில் ஒன்றுமே இல்லை. ஊக்கம், காரணம், வைராக்கியம் ஒன்றும் இல்லை. அடுத்த தண்ணீர் மேசை, அங்கே உப்புப் போட்ட உருளைக்கிழங்கு. அது வந்ததும் அதற்கு அடுத்த மேசை.

பாலி ஷார்ட்ஸ் கடைசி பத்து கிலோமீட்டருக்குள் வரும் ஏற்றம். கீழே வளைவில் ஒரு கூட்டம். பட்டப்பகலில் அதற்குள்ளிருந்து ஒரு போன் டார்ச் எரிந்து அணைந்தது, மறுபடி எரிந்து அணைந்தது. சிஸி. முதுகில் பேரனைக் கட்டிக்கொண்டு நின்றார். அழுதுகொண்டே ஏறினேன்.

11 மணி 47 நிமிடம். பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் ஓட்டத்தை மூட, வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார்கள். அந்த ஒலியை இந்த முறை கோட்டுக்கு உள்ளே நின்று கேட்டேன். கோட்டுக்கு வெளியே சில அடி தூரத்தில் நின்றுவிட்டவர்களைப் பார்க்க முடியவில்லை, திரும்பிக்கொண்டேன்.

27 ஜூன் 2024

பயந்தது நடந்தது. இரண்டு வாரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பதக்கம் பூஜை அலமாரியில் இருக்கிறது. "அடுத்த வருடம் டவுன் ரன் பெயர் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்பவர்களுக்கு இப்போது பதில் இல்லை. ஆனால் பயம் குறைந்திருக்கிறது. கிளப்பில் சேர்ந்த அந்தப் பெண் கேட்டில் வந்து நிற்கிறாள், இந்தத் தடவை என் கேட்டில். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை வெளிச்சம் வந்தது. இறங்கிப் போய் நடந்துவிட்டு வந்தோம், ஓடவில்லை.



14 ஜூலை 2024

கேள்வி கேட்ட தம்பி எட்டு மாதம் கழித்து வந்து எழுதியிருக்கிறார். கிட்டாரை விற்றுவிட்டாராம். எனக்குச் சந்தோஷம். பிடிக்காததை விடுவதை ஊக்கக்குறைவு என்று கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்ததால்தான் அவருக்கு மூன்றும் மூன்று தோல்வியாகத் தெரிந்தன. ஜூலு மட்டும் போகிறதாம். அவர் காம்ப்ளெக்ஸ் வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்காரர் தினமும் ஒரு சொல் கேட்பாராம், முந்தைய நாள் சொல் மறந்திருந்தால் கேட்டைத் திறக்கக் கொஞ்சம் தாமதம் செய்வாராம். அவர் பெயரையும் ஊரையும் ஜூலுவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. பெயர் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம்.

21 ஜூலை 2024

ஆயா வந்துவிட்டார்! வகுப்புக்கு என்று இல்லை. தாத்தா பெயரைக் கண்டுபிடித்த செய்தி பரவி, இன்னொரு குடும்பம் அவரைத் தேடி வந்திருக்கிறது: எங்கள் பாட்டனார் பெயரும் அந்தக் கல்லில் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று. இன்று சுவருக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், கண்ணாடியும் ஒரு நோட்டும் கையில். மூன்று பெயர் படித்துவிட்டார். நான்காவதில் ஞானம் என்று தொடங்கும் பெயர், அந்த "ஞா" அவருக்குப் பிடிபடவில்லை. அதை நான் சொல்லித்தர ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். பெரிதாக ஒரு தாளில் எழுதி மட்டும் கொடு, வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வருவார்.